முத்தலிப்பின் இடுப்பு

என் மச்சான் முத்தலிப்பின் இடுப்பளவு முப்பத்தெட்டு அங்குலம். பத்தொன்பது வருடமாக அவனுக்குச் சேட்டுத் தைக்கிறவன் நான் என்பதால் இதைச் சத்தியம் பண்ணியே சொல்வேன். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ஓர் அங்குலம் ஏறும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயல் வட்டை வட்டையாக அலைந்து நெல் வாங்கும்போது அதே அங்குலம் இறங்கிவிடும். இந்த வருடம் மட்டும் அளவு நாற்பதுக்குப் போயிற்று. கூடிய இரண்டு அங்குலமும் அவனுடைய சதை இல்லை. ஒரு கைத்துப்பாக்கிக்காக நான் விட்ட இடம்.

அவனைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வீட்டில் கோழி அறுக்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுகிறவன் அவன். காத்தான்குடியில் பிறந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி ஓட்டமாவடிக்குப் பெண் வீட்டோடு வந்து சேர்ந்த மாப்பிள்ளை. என் தங்கை நிஸ்மியா அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் போட்டால் வாசலிலேயே நின்றுவிடுவான். பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று, ஒரு தராசு, கொஞ்சம் வெற்றுச் சாக்கு. இவ்வளவுதான் அவனுடைய வியாபாரம். இப்படிப்பட்ட மனிதனுக்கு எதற்குத் துவக்கு?

இரண்டு வருடத்துக்கு முன்னால் சித்தாண்டிக்கு மேற்கே ஒரு வட்டையில் கனகசிங்கம் என்ற விவசாயியை மண் லொறிக்காரர்கள் அடித்துக் கொன்றார்கள். ஆற்று மண் ஏற்றும் லொறிகள் அவருடைய வரம்பை உடைத்துப் பாதை போட்டிருந்தன. மனிதர் பாதைக்குக் குறுக்கே முள் மரத்தை இழுத்துப் போட்டுவிட்டு நின்றார். மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் கையில் மண்வெட்டி. வட்டையில் அந்த நேரம் வேறு ஆள் இல்லை, முத்தலிப்பைத் தவிர. நெல் மூட்டை கட்டிக்கொண்டு நின்றவன் மூட்டைகளுக்குப் பின்னால் குந்திவிட்டான்.

“அவர் என்னத்தான் கூப்பிட்டார் மச்சான்,” என்று அன்று பின்னேரம் என் கடைக்கு வந்து சொன்னான். “‘முத்தலிப்பு, முத்தலிப்பு’ எண்டு ரெண்டு தரம். நான் வாயப் பொத்திக்கிட்டு இரிந்தன்.”

பன்னிரண்டு வருடமாக அவரிடம் நெல் வாங்கியவன். தேத்தண்ணி குடிக்காமல் தராசில் மூட்டையை ஏற்ற விடமாட்டாராம் கனகசிங்கம். மண்வெட்டி வைத்திருந்தவனின் முகத்தை முத்தலிப் நன்றாகக் கண்டிருந்தான். என் கடையிலிருந்து எழுந்து, நடுங்கிக்கொண்டே பொலிஸுக்குப் போய், கண்டதைக் கண்டபடி வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டு வந்தான். பயந்தவர்கள் சில நேரம் இப்படித்தான், பயத்தோடேயே போய்க் கிணற்றில் குதித்துவிடுவார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பொலிஸ் மூன்று பேரையும் பிடித்த ஒரு கிழமைக்குள் தொலைபேசி அடித்தது. மரியாதையான குரல். அண்ணன் முறை வைத்துப் பேசியது. “காக்கா, நீங்க அண்டைக்கு வட்டைக்கே போகல்ல. சரியா?” அவ்வளவுதான். அடுத்த முறை குரல் இன்னும் மரியாதையாக இருந்தது. “மகள்ட ஸ்கூல் பேக் ஊதாக் கலர், என்ன காக்கா?” மகள் ஹப்ஸாவின் பை ஊதாதான். முத்தலிப் அன்றைக்கே கறுப்புப் பை ஒன்று வாங்கிக் கொடுத்தான். மூன்றாம் நாள் அதே குரல், “கறுப்பும் வடிவாத்தான் இரிக்கி,” என்றது.

அதன்பிறகு அவன் மனிதனாக இல்லை. பொலிஸில் முறைப்பாடு போட்டான். சில நாட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தினமும் வேறு வேறு பாதையால் போனான். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பட்டாவை ஓரத்தில் நிறுத்தி, அது கடந்துபோகும் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். நிஸ்மியா அழுதாள், ஏசினாள், பேசாமல் விட்டாள். “செத்தவர் செத்துட்டார். நமக்கு ஒரு பொம்புளப் புள்ள இரிக்கி. நான் ஒண்டையும் காணல்ல எண்டு செல்லிட்டு வாங்க,” என்றாள். நானும் அதையேதான் சொன்னேன். அவனும் ஒத்துக்கொண்டுவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்சாயினி வந்தாள். கனகசிங்கத்தின் மகள். சாறிச் சட்டைத் துணியோடு என் கடைக்குள் ஏறினாள். நான் ஆண்கள் உடுப்பு மட்டும் தைக்கிறவன். துணியைக் கண்டவுடனேயே இது வேறு அலுவல் என்று விளங்கிவிட்டது. முத்தலிப்பின் வீட்டுக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து என்னிடம் வந்திருந்தாள். நான் அவனைக் கூப்பிட்டேன்.

“நானா, அப்பாவக் கண்டது நீங்க ஒராள்தான்,” என்று அண்ணன் முறை வைத்து அவனிடம் சொன்னாள். “நீங்க வராட்டி அவனுகள் வெளியில வந்திருவானுகள். மறுகா நானும் அம்மாவும் அந்த வட்டைக்கு எப்பிடிப் போற?”

முத்தலிப் என் மேசையிலிருந்த கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு இருந்தான். அவர் ரெண்டு தரம் கூப்பிட்டதை அவளிடம் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். சொல்லவில்லை. “வாறன் மகள்,” என்றான். அவள் போன பிறகு என்னிடம் திரும்பி, “மச்சான், நான் துவக்குக்கு எழுதிப் போடப்போறன்,” என்றான்.

ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தான். கிராம சேவகர், பொலிஸ், மாவட்டக் கச்சேரி, கொழும்பு என்று எல்லா வாசலிலும் நின்றான். நெல் வியாபாரி, காசோடு தனியே திரிகிறவன், மிரட்டல் முறைப்பாடு இருக்கிறது என்று பார்த்துக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம். இரண்டு வகையில் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் குறித்த திகதிக்குள் எடுத்துவிட வேண்டும். கொழும்புக்குப் போய்ப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான். நான் என் அளவு நாடாவையும் கொண்டுபோனேன்.

மேசையில் இரண்டையும் வைத்தார்கள். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் ஒரே அளவு ரவைத் தோட்டா, இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி இருந்தன. நான் நாடாவை எடுத்து அளந்தபோது அங்கிருந்த அலுவலர் சிரித்தார். ஒன்று ஒல்லி: நீளம் ஆறேகால், உயரம் நாலரை, தடிப்பு ஓர் அங்குலம்கூடச் சரியாக இல்லை, எட்டு ரவை. மற்றது குட்டை: நீளம் ஆறு, உயரம் நாலேகால், தடிப்பு ஓர் அங்குலத்துக்கு மேல், பத்து ரவை. வித்தியாசம் இவ்வளவுதான். கால் அங்குலமும் இரண்டு ரவையும்.

ஆனால் உயிர் பயத்தில் இருக்கிறவனுக்குக் கால் அங்குலம் பெரிய விஷயம். பஸ்ஸில் திரும்பி வரும்போது முத்தலிப் அதைப் பற்றியே பேசினான். ஒல்லியைப் பிடித்தால் ஐந்து விரலும் பிடியில் நிற்கிறது. குட்டையைப் பிடித்தால் சின்ன விரல் பிடிக்குக் கீழே தொங்குகிறது. மூட்டை தூக்கித் தடித்த விரல்கள் அவனுக்கு. குட்டையில் இரண்டு ரவை கூட. ஒல்லி வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். பொலன்னறுவை தாண்டும்போது ஒல்லி என்றான். மன்னம்பிட்டியில் குட்டை என்றான். வெலிக்கந்தையில் என்ன சொன்னான் என்று கேட்காதீர்கள், நான் நித்திரை கொள்வதுபோல நடித்துக்கொண்டிருந்தேன்.

மட்டக்களப்புப் புளியந்தீவில் வேர்னன் என்று ஒரு பறங்கிக்காரர் கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். முத்தலிப்பின் பட்டாவுக்கு உருப்படி கடைந்து கொடுக்கிறவர். யானை விரட்ட உரிமத்தோடு துவக்கு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு அதைப் பழுதுபார்த்துக் கொடுத்தும் பழக்கம். அவரிடம் இரண்டு அளவையும் கொண்டுபோனோம்.

“உனக்கு எது நல்லம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் மேன்?” என்றார் வேர்னன். “செருப்பெண்டா கடையில போட்டு நடந்து பாக்கலாம். இதயும் போட்டு நடந்துதான் பாக்கணும்.” பழைய கதவு நிலை ஒன்றை எடுத்து அறுத்தார். ஒரு கிழமையில் இரண்டு மரத் துவக்குகள் தயார். உள்ளே குடைந்து ஈயம் ஊற்றி, அவருடைய மனைவி பிறெண்டா கேக்குக்கு மா நிறுக்கும் தராசில் வைத்துப் பாரத்தையும் சரிபண்ணியிருந்தார். கறுப்பு மையும் பூசியிருந்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார். “இத ஒருத்தருக்கும் காட்டாத. பொலிஸுக்கும் இது துவக்குத்தான், மத்தவனுக்கும் இது துவக்குத்தான். உனக்கு மட்டுந்தான் மரம்.”

அதன்பிறகு இரண்டு கிழமை, ஆளுக்கு ஒரு கிழமை என்று அவை இரண்டும் முத்தலிப்பின் இடுப்பில் குடியிருந்தன. இதிலே எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய தொல்லை ஒன்று இருக்கிறது. இந்தச் சாமான் காற்சட்டைக்காரனுக்காகச் செய்யப்பட்டது. என் மச்சான் சாரன்காரன், கைலி கட்டுகிறவன். அகலப் பெல்ட்டைச் சாரனுக்கு மேல் இறுக்கிக் கட்டி அதற்குள் செருகினால், அரைக் கிலோவுக்கு மேல் பாரம் சாரனை ஒரு பக்கமாகக் கீழே இழுக்கும். நான் பெல்ட்டுக்கு உள்ளே தடித்த துணியில் உறை தைத்தேன். சேட்டை இரண்டு அங்குலம் அகலமாக்கினேன். பக்கத் திறப்பை நீட்டி, இழுத்தவுடன் விடும் அழுத்துப் பொத்தான் போட்டேன்.

தைக்கும்போதுதான் ஒரு சங்கதி பிடிபட்டது. மறைத்து வைப்பதற்குக் குழலின் நீளம் ஒரு பொருட்டே இல்லை. அது சாரனுக்குள் இறங்கிப் போய்விடுகிறது. காட்டிக்கொடுப்பது பிடிதான். ஒல்லியோடு நேரே நின்றால் ஒன்றும் தெரியாது. தராசைத் தூக்கக் குனிந்தால் பிடியின் நுனி சேட்டை முட்டிக் கூடாரம் அடித்துவிடும். குட்டை குனியும்போது தெரியாது. பட்டாவில் உட்கார்ந்தால் தடிப்பு இடுப்பெலும்பில் குத்தி, ஏறாவூர் போய்ச் சேர்வதற்குள் முகம் கோணிவிடும். என் கடைக் கண்ணாடிக்கு முன்னால் அவன் நிற்பான், குனிவான், உட்காருவான், திடீரென்று சேட்டைத் தூக்கி மரத்தை உருவுவான். நான் எண்ணுவேன். ஒல்லிக்கு மூன்று. குட்டைக்கும் மூன்று, சின்ன விரல் வழுக்கினால் நாலு.

“சைக்கிள்ல வாறவனுக்கு எத்தின செக்கன் வேணும் மச்சான்?” என்று ஒரு நாள் கேட்டான்.

“ஒண்டு,” என்றேன். கோபத்தில் சொன்னேன். அவன் கண்ணாடியைப் பார்த்தபடியே மரத்தைத் திரும்பவும் இடுப்பில் செருகினான். திரும்பவும் எண்ணச் சொன்னான்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அதைச் சொல்லக் கச்சி முகம்மதுக் காக்காவைச் சொல்ல வேண்டும். அவரும் காத்தான்குடியிலிருந்து இங்கே பெண் எடுத்து வந்தவர். தொண்ணூறாம் ஆண்டு அந்த ஊர்ப் பள்ளியில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டபோது அவருக்கு இருபது வயது. மேலே விழுந்தவர்களுக்குக் கீழே அசையாமல் கிடந்து பிழைத்தவர். அன்றிலிருந்து எந்தப் பள்ளியிலும் அவர் உள்ளே தொழுததில்லை. எங்கள் பள்ளியிலும் வெளி விறாந்தையில், வாசலுக்குப் பக்கத்தில், கடைசி ஸப் வரிசையில்தான் நிற்பார். ஊர்க்காரர் தனியே நிற்கக் கூடாது என்று முத்தலிப்பும் அங்கேயே நிற்பான். முத்தலிப்புக்கு இடப்பக்கம் கச்சி முகம்மதுக் காக்கா, வலப்பக்கம் நான். பத்தொன்பது வருடமாக இதுதான் எங்கள் வரிசை. தோளோடு தோள், காலோடு கால், நடுவில் சைத்தான் நுழைய இடம் விடாதீர்கள் என்று ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் இமாம் சொல்வார்.

பள்ளிக்குள் போகுமுன் மரத்தை எடுத்துப் பட்டாவின் ஆசனத்துக்குக் கீழே வைத்துப் பூட்டுவது முத்தலிப்பின் வழக்கம். அன்றைக்கு வாழைச்சேனைப் பாலத்தில் வாகன நெரிசல். நாங்கள் வந்து இறங்கும்போது குத்பாப் பிரசங்கம் முடிந்து, தொழுகைக்கு எழுப்பும் இகாமத் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஓடிப்போய் ஸப்பில் சேர்ந்தோம். குட்டை இடுப்பிலேயே இருந்தது. அவன் மறந்துவிட்டான். நானும் மறந்துவிட்டேன், பெல்ட் உறையைத் தைத்தவன்.

இரண்டாவது றக்அத்தில், ஸுஜூதுக்காக நெற்றியைத் தரையில் வைக்கக் குனியும்போது அது உறையை விட்டு நழுவி விழுந்தது. விறாந்தையில் விரிப்பு இல்லை, மாபிள் தரை. ஈயம் ஊற்றிய மரம் தரையில் விழும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பள்ளி முழுதும் கேட்டது. அது உருண்டு கச்சி முகம்மதுக் காக்காவின் நெற்றிக்கு நேரே போய் நின்றது.

யாரோ “துவக்கு!” என்று கத்தினார்கள். தொழுகை உடைந்தது. மதிலால் பாய்ந்தவர்கள், செருப்பை விட்டவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். நானும் ஓடினேன். இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. அது மரம் என்று அந்தப் பள்ளியில் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான், அதில் ஒருவன் நான். அதன் நீளம், தடிப்பு, பாரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஓடிப்போய் ஹவுள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். முத்தலிப் நெல் மூட்டைக்குப் பின்னால் குந்தியதற்கு இரண்டு வருடமாக நான் அவனை மனதுக்குள் ஏசியிருக்கிறேன்.

“மரம்! மரந்தான்! பாருங்க, மரம்!” என்று முத்தலிப் அதைத் தூக்கிப் பிடித்துக் கத்தினான். தூக்கிப் பிடித்ததுதான் இன்னும் மோசம். மிச்சம் நின்றவர்களும் ஓடினார்கள்.

கச்சி முகம்மதுக் காக்கா மட்டும் ஓடவில்லை. முகம் தரையில் பதிய, கைகள் இரண்டும் தலைக்கு மேலே, அப்படியே குப்புறக் கிடந்தார். முத்தலிப் மரத்தை எறிந்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். “காக்கா, நான் முத்தலிப்பு. மரம் காக்கா. விளையாட்டுச் சாமான் காக்கா.” காலைத் தொட்டான். அவர் காலை இழுத்துக்கொண்டார். செத்தவன்போலக் கிடந்தால் விட்டுவிடுவார்கள் என்பது அந்த உடம்புக்கு முன்பே தெரியும். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு மகன்மார் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். சாரன் நனைந்திருந்தது. முத்தலிப் அந்த ஈரத்தைத் தன் சால்வையால் துடைத்தான். தேம்பித் தேம்பி அழுதுகொண்டு துடைத்தான்.

பொலிஸ் வந்தது. மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடுமையாக எச்சரித்து, அதைக் கொண்டு போயிற்று. ஆனால் ஊர் நம்பவில்லை. மரத்துக்கு எதற்கு ஈயம் என்று கேட்டது. கொழும்புக்குப் போய் வந்ததை ஞாபகப்படுத்தியது. காட்டியது மரம், உள்ளே இருக்கிறது அசல் என்று முடிவுகட்டியது.

அடுத்த வெள்ளிக்கிழமை முத்தலிப்புக்கு இரு பக்கமும் ஓர் ஆள் நிற்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது. “ஸப்பைச் சேருங்க, இடைவெளிய நிரப்புங்க,” என்று இமாம் மூன்று தரம் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. கச்சி முகம்மதுக் காக்கா பள்ளிக்கே வரவில்லை. நான் உள்ளே இரண்டாவது ஸப்பில் நின்றேன், மின்விசிறிக்குக் கீழே. அன்றைக்கு வெக்கை கூட என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் எனக்கு வெக்கைதான்.

ஒரு பலன் மட்டும் இருந்தது. தொலைபேசி அடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று தரம் அடித்தது, ஒரு தரம்கூட அடிக்கவில்லை. ஹப்ஸா திரும்பவும் ஊதாப் பையைத் தூக்கினாள். துவக்கு என்ற சொல்லையே வீட்டுக்குள் எடுக்க விடாத நிஸ்மியா இப்போது அவசரப்பட்டாள். “அந்த அசல எடுத்துட்டு வாங்க. ஒல்லியோ குட்டையோ, ஏதாவது ஒண்டு. வெறும் மரத்துக்கே அவனுகள் பயந்துட்டானுகள்.”

“அவனுகள் மட்டுமா பயந்த?” என்றான் முத்தலிப். “கச்சி முகம்மதுக் காக்காட வீட்டுக்கு நாலு தரம் போனன். நித்திரை எண்டு செல்லுறாங்க. நாலு தரமும் நித்திரையா?”

“உங்களுக்கு உசிரு வேணுமா, பக்கத்துல நிக்க ஆள் வேணுமா?”

அவன் திரும்பினான். என்னைப் பார்த்தான். நான் கைவிரல் நகத்தைப் பார்த்தேன். கடைசியில் சனிக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கொழும்புக்கு ஆசனம் பதிவுசெய்தான். குறித்த திகதி அந்தத் திங்களோடு முடிகிறது. எது என்று கேட்டேன். “ஒல்லி,” என்றான். “குனியாமப் பழகிக்கிறன்.”

அதற்கு முன்னால் வியாழக்கிழமை மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் வழக்கு. நான் கூடப் போனேன். இடுப்பில் எதுவும் இல்லாததால் அந்த நாற்பது அங்குலச் சேட்டு அவன் மேல் தொளதொளவென்று தொங்கியது. வாசலில் பொலிஸார் தடவிப் பார்த்து உள்ளே விட்டார்கள். ஒன்றரை மணித்தியாலம் கூண்டில் நின்றான். ஒன்றையும் விடாமல் சொன்னான். மூட்டைக்குப் பின்னால் ஒளிந்ததைச் சொன்னான். “என்ட பேரச் செல்லி ரெண்டு தரம் கூப்பிட்டார். நான் போகல்ல,” என்றும் சொன்னான். கம்சாயினி அப்போதுதான் அதை முதல் முறையாகக் கேட்டாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள், அவனைப் பார்க்கவில்லை. மண்வெட்டிக்காரன் மட்டும் முழு நேரமும் முத்தலிப்பின் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குறுக்கு விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். வெளியே படியில் கம்சாயினி ஓடி வந்தாள். அடிக்கப்போகிறாளோ என்று நினைத்தேன். “நானா, அடுத்த மாசமும் வருவீங்கதானே?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முத்தலிப்பின் சேட்டுப் பையில் பஸ் டிக்கெட் இருந்தது. விறாந்தைக் கடைசி ஸப்பில், இரண்டு பக்கமும் வெறுமையாக, தனியே நின்றான். அப்போது கச்சி முகம்மதுக் காக்கா வாசலால் ஏறி வந்தார். ஒரு மாதத்தில் பத்து வயது கூடினவர்போல இருந்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு கிட்டப்போய் இரண்டு கையாலும் முத்தலிப்பின் இடுப்பைத் தடவினார். முன்னால், பின்னால், இரண்டு பக்கமும். நான் அளவெடுக்கும்போது செய்வது மாதிரியே. உள்ளே நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒண்டுமில்ல காக்கா,” என்றான் முத்தலிப்.

“மரமும் இல்லயா?”

“மரமும் இல்ல.”

“நாளைக்கு?”

முத்தலிப் சேட்டுப் பையிலிருந்த டிக்கெட்டைத் தொட்டான். “நாளைக்கும் இல்ல காக்கா,” என்றான். எல்லோருக்கும் கேட்டது.

கச்சி முகம்மதுக் காக்கா இடப்பக்கத்தில் போய் நின்று, தன் கால் விரலை அவன் காலோடு சேர்த்தார். நான் மின்விசிறிக்குக் கீழிருந்து வெளியே வந்து வலப்பக்கத்தில் நின்றேன். அவனுடைய தோளில் என் தோள் பட்டபோது எனக்கு அழுகை வந்தது. தக்பீர் கட்டினோம். அந்தத் தொழுகை முழுதும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், மடையன். அந்தப் பள்ளியில் நானூறு பேர் நின்றார்கள் என்பதையும், நானூறு பேருக்கும் காதும் வாயும் இருக்கிறது என்பதையும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை பஸ் அவன் இல்லாமல் போயிற்று. பகல் சாப்பாட்டு நேரம் என் கடையில் இருக்கும்போது அவனுடைய தொலைபேசி அடித்தது. பல கிழமைக்குப் பிறகு அதே இலக்கம். அவன் அதைச் சத்தமாக வைத்தான். அதே மரியாதையான குரல்.

“காக்கா, இடுப்பில ஒண்டுமில்லயாமே? மரமும் இல்லயாமே?” கொஞ்சம் நிறுத்தியது. “நாளைக்கும் இல்லயாமே?”

முத்தலிப் தொலைபேசியை மேசையில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தான். திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது, இப்போதே ஒரு வாகனம் பிடித்துப் போவோம், ஒல்லியோ குட்டையோ எடுத்துக்கொண்டு வருவோம், காக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று கத்தினேன்.

“அவர் ஒவ்வொரு வெள்ளியும் தடவிப் பாப்பார் மச்சான்,” என்றான். பிறகு எழுந்து நின்று கையை உயர்த்தினான். “அடுத்த வழக்குத் தவணைக்கு ஒரு சேட்டு வேணும். பழைய அளவுக்கே எடு. முப்பத்தெட்டு.”

நாடாவைச் சுற்றினேன். முப்பத்தாறு வந்தது. திரும்பவும் சுற்றினேன். முப்பத்தாறுதான். முப்பத்தெட்டு என்று சொல்லி எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வந்து போயிற்று. ஹப்ஸா பள்ளிக்கூடம் போவதில்லை. நிஸ்மியா கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள், அவனோடும் பேச்சில்லை, என்னோடும் பேச்சில்லை. குறுக்கு விசாரணைக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. நேற்றும் வெள்ளிக்கிழமை. கச்சி முகம்மதுக் காக்கா தடவிப் பார்த்துவிட்டு இடப்பக்கம் நின்றார், நான் வலப்பக்கம் நின்றேன். ஸுஜூதில் இருக்கும்போது மதிலுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்று, எஞ்சினை நிறுத்தாமல் இரைந்துகொண்டிருந்தது. முத்தலிப்பின் கை என் கைக்குப் பக்கத்தில் தரையில் பதிந்திருந்தது. எழுந்து ஓடலாம் என்று என் உடம்பு முழுதும் சொல்லியது. நேற்று நான் விலகவில்லை.